வெறும் வயிறு

ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணை எடுக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேலுத்தாயும் காலையிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ராமலட்சுமியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

அவளைக் கட்டப்பனை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வேலுத்தாய்க்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆயிற்று. முதலில் ராமலட்சுமி பிடி கொடுக்கவில்லை. பிறகு, ரத்தம் போதவில்லை என்று ஒரு தேதி தள்ளிப்போனது. மாத்திரையும் பேரீச்சம்பழமுமாய் அவளைத் தேற்றி, 'நீ வரலன்னா இனிமே எம்மூஞ்சியிலயே முழிக்காத' என்று சண்டையும் போட்டு, போன வாரம்தான் சம்மதம் வாங்கினாள்.

இருவருக்கும் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஏலப்பாறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. வந்த புதிதிலேயே ஒருத்தியை ஒருத்தி 'மயினி' என்று மதினி முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கியவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. ராமலட்சுமியின் புருஷன் இறந்த பிறகு அவளுக்கு என்று இருப்பது மகள் அனுசியாவும் இந்த மயினியும்தான்.

அனுசியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ராத்திரி பஸ் பிடித்திருந்தாள். அவளைக் கூட்டிவர வேலுத்தாயின் மகன் அஜய், ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் போயிருந்தான். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைமலையாய்ச் சுற்றுவது அவன் பிழைப்பு. அந்தக் காசில்தான் டவுனுக்கு மேலே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வேலுத்தாயின் பக்கத்தில் புருஷன் சுடலை, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

எதிர் நாற்காலியில் ஒரு மலையாளத்து அம்மாள் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். நெடுங்கண்டத்துக்காரி. அவளுக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது.

“பாரு சேச்சி, எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ஆபரேஷன் இல்லையாம். திருப்பி அனுப்பிட்டாங்க. எதுக்குன்னு தெரியுமோ? காலத்தே ஒரு சாயா குடிச்சாரு. ஒரு சாயா! அதுக்கு டாக்டர் எந்தொரு சத்தம்!”

வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. “டீக்கா? டீ எப்பிடிம்மா சாப்பாடாவும்?”

“அவரும் அதான் கேட்டாரு. பாலு ஊத்தின சாயா வயித்துல கெடக்குமாம். மயக்க மருந்து குடுத்தா மேல திரும்பி வந்து மூச்சுக்குழல்ல ஏறுமாம். ஆளே போயிடும்னு சொல்றாரு டாக்டர்.”

வேலுத்தாயின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

விடிவதற்கு முன்னால், வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, ராமலட்சுமி கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் தோளைத் தட்டினாள். “மயினி, தொண்டை வறளுது. ஒரு வா டீ கிடைக்குமா?” வேலுத்தாய் உடனே எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே திறந்திருந்த கடைக்கு ஓடினாள். நல்ல கெட்டிப் பால் விட்டு, சர்க்கரை தூக்கலாய் வாங்கிவந்தாள். ராமலட்சுமி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அதில் தப்பு என்று வேலுத்தாய்க்கு ஏன் தோன்றும்? தோட்டத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இருட்டோடு இருட்டாய் ஒரு டீ உள்ளே போனால்தான் கண்ணே திறக்கும். அதைக் குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்க, ஓடுவார்கள். கேட்டால் 'இன்னும் ஒண்ணும் சாப்பிடல' என்பார்கள். பொய் இல்லை. அவர்கள் கணக்கில் டீ குடித்த வயிறுதான் வெறும் வயிறு.

நர்ஸ் வந்து, ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டபோது ராமலட்சுமி வாயைத் திறப்பதற்குள் வேலுத்தாய்தான் முந்திக்கொண்டாள். “ராத்திரிக்குப் பொறவு ஒரு பருக்கை உள்ள போகல தாயி” என்று பெருமையாக வேறு சொன்னாள்.

“ஏங்க, ஏங்க!” பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சுடலையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மயினிக்கு நான் டீ வாங்கிக் குடுத்துட்டேன். பால் டீ. குடுக்கக் கூடாதாம்!”

சுடலை கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். விஷயம் புரிந்ததும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். தேயிலை ஃபேக்டரியில் காலமெல்லாம் துரைமாருக்குப் பயந்தே வேலை பார்த்த மனுஷர். வெள்ளைச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

“மெதுவாப் பேசு. ஒரு கிளாஸ் டீயில என்ன வந்துரும்? நாம தினமும் குடிக்கலயா?”

“மூச்சுல ஏறுமாம். ஆளு போயிருமாம்!”

“அந்தப் பொம்பள சொன்னா வேதமா? இந்தத் தேதிய வாங்க என்ன பாடுபட்ட, நெனச்சுப் பாரு. இப்பம் போயிச் சொன்னா தூக்கி வெளிய போட்டுருவாவ. வெண்ணெய் திரளும்போது தாழிய உடைச்ச கதையாயிரும். பேசாம இரு.”

வேலுத்தாய் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் தேதி போகும். ராமலட்சுமி இன்னொரு தடவை வர மாட்டாள், அது நிச்சயம். சொல்லாவிட்டால்?

“ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா?” என்றாள்.

“ஆவாது.”

“ஆயிட்டுன்னா அனுசியா வந்து கேப்பாளே, அத்தை, என்ன குடுத்தீய எங்கம்மைக்குன்னு. நீங்க பதில் சொல்லுவியளா?”

சுடலை அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்த் தியேட்டர் கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள். அந்தக் கூடம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு காவலாளி “ஏய், ஏய்” என்று ஓடி வந்தார்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. பச்சை உடுப்பில் ஜின்சன் தலையை நீட்டினான். குமுளிப் பையன். தியேட்டரில் ஆண் நர்ஸ். தமிழும் மலையாளமும் அவன் நாக்கில் கலந்தே வரும்.

“எந்தா அம்மச்சி, இங்க கிடந்து சத்தம் வைக்கல்லே...”

“ராமலட்சுமிக்கு டீ குடுத்துட்டேன், தம்பி! விடியக்காலம். பால் டீ. நான்தான் குடுத்தேன். தெரியாமக் குடுத்துட்டேன்!”

ஜின்சனின் முகம் மாறியது. திரும்பி ஓடினான். கதவு ஆடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று வேலுத்தாய்க்குத் தெரியாது. சங்கிலிக் கருப்பனையும் மாரியம்மாளையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். மருந்து ஏற்றியிருப்பார்களோ? கத்தி வைத்திருப்பார்களோ? காவலாளி அவளை நாற்காலிக்குப் போகச் சொன்னார். அவள் காதில் விழவில்லை. சுடலை மட்டும் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜின்சன் வெளியே வந்தபோது முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான்.

“பேடிக்கண்டா, பயப்படாதீங்க. மருந்து ஏத்தல. ஊசிய கையில எடுத்திருந்தாரு டாக்டர், அப்போதான் நான் போய்ச் சொன்னேன். வேற ஒரு கேஸை முதல்ல எடுத்தாச்சு. இவங்களுக்கு உச்சிக்குப் பிறகு பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. அதுவரை ஒரு சொட்டுத் தண்ணி கூட வாயில படக் கூடாது.”

வேலுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவனைக் கும்பிட்டாள்.

“அய்யோ, எழுந்திரிங்க அம்மச்சி.” அவன் குனிந்து தூக்கினான். பயம் தெளிந்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. “ஆனா இது எப்படி நடந்தது? நேத்து சாயந்திரம் நான்தானே போய் அவங்ககிட்ட சொன்னேன்? தமிழ்லயே சொன்னேன். தோட்டத்து ஆளுங்க சாயாவ சாப்பாடா நினைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால சாயா கூடக் குடிக்கக் கூடாதுன்னு தனியாச் சொன்னேன். குடிச்சா என்ன ஆகும்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன்.”

“யாருட்ட சொன்னிய?”

“ராமலட்சுமியம்மாகிட்டத்தான். நீங்க சோப்பு வாங்கப் போயிருந்தீங்க.”

ஜின்சன் உள்ளே போய்விட்டான். வேலுத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். ராமலட்சுமிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

வார்டில் ராமலட்சுமியைப் பழைய கட்டிலிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பச்சைக் கவுனும் ரெட்டைப் பின்னலுமாய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கிடந்தாள். வேலுத்தாயைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஜின்சன் ஒன்ட்ட சொன்னானா, இல்லையா?”

ராமலட்சுமி கவுனின் ஓரத்தை முறுக்கினாள்.

“ஒன்னத்தான் கேக்குதேன்.”

“சொன்னாரு.”

“பொறவு ஏன் எங்கிட்ட டீ கேட்ட?”

ராமலட்சுமியின் குரல் சுவரிலிருந்து வருவது போல் இருந்தது.

“அடுத்த வருஷத்தோட எனக்கு வேலை முடியுது. வீட்ட விட்டு எறங்கச் சொல்லுவாவ. ஒனக்குத் தெரியாததா?”

தெரிந்ததுதான். அவர்கள் தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. முன்பெல்லாம் வயதாகி விலகினால் பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். இப்போதைய மானேஜர் அதை நிறுத்திவிட்டார். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர்களின் பிள்ளைக்கு மட்டும்தான் இப்போது இடம்.

“நான் வேலையில இருக்கையிலயே போயிட்டேன்னா அனுசியா பேரப் பதிஞ்சுருவாவ. வீடும் அவளுக்கு நிக்கும். திருப்பூர்ல கூட வேலை பாக்குத நாலு பிள்ளையளோட ஒரு ரூம்ல கிடக்கா. போன் பண்ணும்போதெல்லாம் ஊருக்கே வந்துருதேம்மா, வந்துருதேம்மாங்கா. எங்க வருவா? வீடு இருந்தால்லா வருவா?”

“அதுக்கு?”

“ஜின்சன் சொன்னதும், தூக்கத்தோட போயிரலாம், நோவு தெரியாதுன்னு தோணிச்சு. பொறவு பயந்துட்டேன், மயினி. அந்த நர்ஸ் கேக்கும்போது சொல்லிரணும்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட.”

வேலுத்தாய்க்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எங்கையாலயா, ஏட்டி? போயிப் போயி எங்கையாலயா? நீ போயிருந்தா நான் எப்பிடி இருந்திருப்பேன்? வாங்கிக் குடுத்து நானே கொன்னுட்டேன்னு ஒவ்வொரு நாளும் செத்திருப்பேனே. அது ஒனக்குத் தோணலயா?”

ராமலட்சுமி திரும்பினாள். கண்ணீர் காது வரைக்கும் வழிந்திருந்தது.

“தோணல மயினி. சத்தியமாத் தோணல. பிள்ளைய மட்டுந்தான் நெனச்சேன்.”

அதன் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சுடலை, வேலுத்தாய்க்காக வாங்கிவந்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி வாசலிலேயே தயங்கி நின்றார்.

உச்சிப் பொழுது சாய்ந்ததும் ஆட்கள் கட்டிலைத் தள்ள வந்தார்கள். ராமலட்சுமியின் கை சில்லிட்டிருந்தது. கண்ணில் உயிரே இல்லை. இந்தக் கண்ணோடு இவள் உள்ளே போகக் கூடாது என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது. வேறொன்றையும் அவள் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை.

“இங்க பாரு மயினி. அனுசியாவ நான் எடுத்துக்கிடுதேன். அஜய்க்கு. டவுனுக்கு மேல கட்டுதோமே, அந்த வீடு அவளுக்குத்தான். ஒனக்கும் அங்க ஒரு ரூம். லயமும் வேண்டாம், மானேஜர் தயவும் வேண்டாம்.”

ராமலட்சுமி அவளையே பார்த்தாள். “சும்மாச் சொல்லுதியா?”

“மாரியம்மா மேல சத்தியம். நீ முழிச்சு வா. வந்து சம்பந்தம் பேசு. சீர் என்ன செய்யப்போறன்னு நான் கேக்கணும்லா?”

ராமலட்சுமியின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வேலுத்தாயின் கையை அவள் பிடித்த பிடி, கதவு வரைக்கும் விடவில்லை. கடைசியில் ஜின்சன்தான் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

கதவு மூடியதும் சுடலை வாயைத் திறந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்ட? அஜய்ட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எங்கிட்டயாவது கேக்க வேண்டாமா?”

“அவ பொழைக்கணும்னு நெனச்சு உள்ள போயிருக்கா. இப்பத்திக்கு அது போதும்.”

“மாரியம்மா மேல்லா சத்தியம் பண்ணியிருக்க!”

“தெரியும். நாந்தானே பண்ணுனேன்” என்றாள் வேலுத்தாய். சொல்லிவிட்டு மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அஜயும் அனுசியாவும் வந்து சேர்ந்தபோது உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கம்பம்மெட்டு வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்று பாதையை அடைத்துவிட்டதாம். அனுசியா ஓடிவந்து வேலுத்தாயைக் கட்டிக்கொண்டாள்.

“அத்தை, காலையிலயே முடிஞ்சிரும்னு சொன்னிய? ஏன் இவ்வளவு நேரம்? அம்மைக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல தாயி. நாந்தான் தெரியாத்தனமா டீ குடுத்துட்டேன். அதான் தள்ளிப்போட்டாவ.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சுடலைக்கு ரகசியம் என்றால் தொண்டையில் முள் மாட்டின மாதிரி. ராமலட்சுமி டீ கேட்ட விஷயம் போகட்டும், கல்யாண விஷயத்தையாவது கக்கிவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே போட்டு உடைத்தார்.

“ஒங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு இவ வாக்குக் குடுத்துட்டா. ராமலட்சுமிக்கிட்ட.”

அனுசியாவின் கை வேலுத்தாயின் தோளிலிருந்து விலகியது.

“என்னைக் கேக்காமலா அத்தை?”

“ஒனக்கு ஒரு வீடு வேணும்னுதான் தாயி ஒங்கம்மை தவியாத் தவிக்கா. நீ ஊருக்கு வந்துரணும்னு...”

“ஐயோ, நான் எங்க வரப்போறேன்?” அனுசியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எனக்கு அங்க சூப்பர்வைசர் வேலை குடுத்திருக்காவ. ரூம்ல பிள்ளைய எல்லாம் கூடப்பிறந்த மாதிரி. எஸ்டேட்டுக்கு வந்து கொழுந்து கிள்ள எனக்கு ஒரு நாளும் மனசு வராது. வாறேன் வாறேன்னு சொன்னது அம்மை மனசு குளிரட்டும்னுதான் அத்தை. தனியா இருக்கு. அப்பிடிச் சொன்னாத்தான் ராத்திரி நிம்மதியாத் தூங்கும்.”

வேலுத்தாய் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அம்மாவின் மனசு குளிர இந்தப் பெண் சொன்ன பொய், அந்த அம்மாவை எதுவரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது! சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் தாங்குவாளா? வேலுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம். இது என்னோடு இருக்கட்டும்.

அஜய் சுவரில் சாய்ந்து ஜீப் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான்.

“என்னையாவது கேட்டியாம்மா?”

“ஒனக்கு வேற யாரும் இருக்காவளா?”

அவன் சட்டென்று அனுசியாவைப் பார்த்தான். அவள் பார்ப்பதற்குள் கண்ணைச் சாவிக்குத் திருப்பிக்கொண்டான். “இதக் கேக்க இப்பமா நேரம்?” என்றான். பெற்றவள் கண்ணுக்கு அந்த ஒரு பார்வை தப்பவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அப்போது கதவு திறந்தது. இந்த முறை யாரும் முகத்தைத் திருப்பவில்லை. ஜின்சன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

“நல்லபடியா முடிஞ்சு. கட்டிய எடுத்தாச்சு. முழிச்சுட்டாங்க.”

அனுசியா விம்மினாள். சுடலை மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“கண்ணு தொறந்ததும் எல்லாரும் தண்ணி கேப்பாங்க. இந்த அம்மா என்ன கேட்டாங்க தெரியுமோ? என் மருமகன் வந்தாச்சான்னு! மூணு தடவை கேட்டாச்சு. பார்க்காம உறங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஒராளுக்கு மட்டும் உள்ள வரலாம்.” அவன் நான்கு பேரையும் ஏறிட்டான். “யாரு மருமகன்?”

வேலுத்தாய் அனுசியாவைப் பார்த்தாள். அனுசியா அஜயைப் பார்த்தாள்.

அஜய் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினான்.

“அஜய்,” அனுசியா ஓர் அடி முன்னால் வந்தாள், “உள்ள போயி என்ன சொல்லப்போற?”

“வந்தாச்சுன்னு” என்றுவிட்டு அவன் ஜின்சனின் பின்னால் நடந்தான்.